இருபத்தாறாவது புளியங்கொட்டை

அத்தை,

அரிசி டிரம்மைக் கழுவிக் காயவைக்கலாம் என்று கவிழ்த்தேன். அரிசியோடு ஒரு தகர டப்பா உருண்டு வந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் 4 என்று எழுதியிருந்தது. உள்ளே மஞ்சள் தாவணியின் கிழிந்த முனை ஒன்று, நான்காக மடித்தபடி. அதன் அடியில் புளியங்கொட்டைகள். பல நாள் விரல் பட்டுத் தேய்ந்ததுபோல் வழவழப்பாக இருந்தன. எண்ணினேன். இருபத்தாறு.

எதற்கென்று தெரியவில்லை. நீ போய் நான்கு மாதம் ஆகிறது. கேட்க முடியாது.

நீயும் எண்ணிக்கையும். அதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். குக்கருக்குப் பக்கத்தில் நிற்பாய். கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் என்னிடம் கேட்பாய், "எத்தினி விசிலு ஆச்சிடி?" வில்லியனூர் கோயிலில் நவக்கிரகத்தைச் சுற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாய். "நீ எண்ணிக்கினே வா. எனக்கு எண்ண வராது." நான் நம்பினேன். எட்டாவது வரை படித்தவளுக்கு ஒன்பது வரை எண்ண வராது என்பதை, பல்கலைக்கழகம் போன பிறகும் நம்பினேன்.

ஒருமுறை விளையாட்டாக உன்னைப் பதினொரு சுற்று சுற்றவைத்தேன். எனக்குப் பத்து வயது. சொல்லிவிட்டுச் சிரித்தேன். நீ தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். கையிலிருந்த விபூதி கொட்டியது.

"இதுல மட்டும் வெளயாடாதடி."

அவ்வளவுதான் சொன்னாய். கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு பாகூர் ரோட்டில் வண்டி பஞ்சர். ஒட்டித் தரும்வரை பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரியவர்கள் ஆறு பேர், ஒரு செல்போனைச் சுற்றித் தலைகள். ஏரி ரேஸ் படங்கள். யாரோ பழைய போட்டோக்களைப் போனில் எடுத்து வைத்திருந்தார்கள். கோடையில் வற்றிய ஏரியில், சுண்ணாம்பால் வட்டம் போட்டு, காயலான் கடைக்குப் போகவேண்டிய ஃபியட்டையும் அம்பாசடரையும் ஓட்டிய காலம். கண்ணாடி கழற்றிய, கதவை வெல்டிங் வைத்து மூடிய வண்டிகள். அப்பா அதில் ஓட்டியதும், ஒருநாள் கவிழ்ந்து கால் போனதும் எனக்குத் தெரிந்ததுதான். வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

"எந்த வண்டிடா இது, ஒம்போதா?"

"கண்ணு இன்னா போச்சா உனுக்கு? பம்பர்ல கயிறு கட்டிக்கிது பாரு. அரியூரான் வண்டி."

"அவன் எங்க ஓட்டுனான், வண்டிதான் அவன இட்டுக்கினு போச்சி."

அப்போது டீ வந்தது. அவர்களில் போய் வாங்கிவந்த தொப்பிக்காரர் தட்டில் ஐந்து கிளாஸ்தான் வைத்திருந்தார். ஆள் ஆறு.

"இன்னாப்பா, நாலாம் நம்பரு தங்கச்சி மாரி எண்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். வெகுநாள் பழகிய சிரிப்பு. யாரும் யோசித்துச் சிரிக்கவில்லை.

நாலாம் நம்பர் என்றால் அப்பா. அப்பாவுக்கு ஒரே தங்கை.

நான் யாரென்று சொல்லாமல் கேட்டேன். தொப்பிக்காரர் உற்சாகமாகச் சொன்னார். ஓட்டுகிறவனுக்குப் புழுதியில் எத்தனையாவது சுற்று என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் வீட்டு ஆள் ஒருவர் கரைமேல் உட்கார்ந்து எண்ணுவார். மடியில் இரண்டு டப்பா. வண்டி ஒருமுறை கடந்தால் ஒரு கொட்டை இதிலிருந்து அதற்கு. இதில் காலியானால் எழுந்து துணியைத் தூக்கவேண்டும். அதைப் பார்த்து வண்டி நிற்கும்.

"அந்தப் பொண்ணு நல்லாதாம்மா எண்ணும். அதான் ஆச்சரியம். ஆம்பளைங்களே தடுமாறுவாங்க, அது கண்ண சிமிட்டாது."

ரேஸ் இருபத்தைந்து சுற்று. முதலில் வண்டி சூடாக மெதுவாய் ஒரு சுற்று விடுவார்கள், அது கணக்கில் சேராது. அதற்கும் சேர்த்து இருபத்தாறு கொட்டை. அந்தக் கடைசி ரேஸில் மேகம் கட்டிவிட்டது. மழை வருவதற்குள் முடிக்கவேண்டும் என்று மெதுச் சுற்றை விட்டுவிட்டு நேராகக் கொடியை இறக்கினார்கள். கரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கொட்டையை வெளியே போட்டார்கள். நீ போடவில்லை.

இருபத்தைந்தாவது சுற்றில் மற்ற துணிகள் ஏறின. வண்டிகள் ஓரமாய் ஒதுங்கின. உன் டப்பாவில் ஒன்று மிச்சம். மஞ்சள் துணி ஏறவில்லை. அப்பாவின் மெரூன் ஃபியட் மட்டும் முழு வேகத்தில் திரும்பியது. திருப்பத்தில் நின்றிருந்த வண்டியைத் தவிர்க்க ஒடித்தபோது உருண்டது.

"ஒரு கொட்ட. ஒரு கொட்டைல ஒரு காலு."

அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

பஞ்சர் ஒட்டியாயிற்று என்று பையன் கூப்பிட்டான். வண்டியை எடுத்தேன். இருபத்தெட்டு வருடம் நீ எங்களோடு இருந்தாய். உனக்கு எண்ண வராது என்று ஊரார் முன்னால் நானே எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டப்பாவை அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"கடைசி ரேஸ்ல எத்தினி ரவுண்டு ஓட்டுன?"

"இருபத்தாறு."

உடனே சொன்னார். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் எண்ணிக்கினே ஓட்டுவனே. திருப்பத்துல ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு."

"அப்ப இருபத்தஞ்சுல நிறுத்தியிருக்கலாமே."

"கைய வெளிய நீட்டிட்டு நிறுத்தலாம். அதுக்கும் வழி இருந்துச்சி." பேப்பரை மடித்தார். "துணி ஏறல பாப்பா. சும்மா ஒரு ரவுண்டு கெடச்சுது. எவனாச்சும் வுடுவானா? அன்னிக்கி வண்டி அப்பிடிப் போச்சி."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது, அத்தை. ஒரு கணம்தான். நான் பார்த்தேன்.

"அத்தைகிட்ட சொன்னியா?"

மடித்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"ஆஸ்பத்திரில அழுதுக்கினே இருந்தா. அப்பவே சொல்லியிருக்கணும். அப்பறம் கஞ்சி வெச்சா, கட்டுப் போட்டா. ரெண்டு எடத்துலேருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க, அண்ணன் நடக்கட்டும்னுட்டா. அதுக்கப்பறம் எந்த வாயால சொல்றது?"

அண்ணன் ஊன்றுகோலோடு நடந்தார். கல்யாணம் செய்துகொண்டார். நான் பிறந்தேன். அம்மா வேலைக்குப் போனாள். நீ சமையலறையில் விசிலை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாய். அடுத்த அறையில் அவர் இருந்தார். ஒரு வாக்கியம். நடுவில் ஒரு சுவர்.

"பாகூர் ரோட்டு டீக்கடையில இன்னும் அத்தையச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அங்க வந்து சொல்றியா?"

"அத இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது."

இந்த ஞாயிறு நான் தனியாகப் போனேன். நாலாம் நம்பரின் மகள் என்று சொன்னேன். அவர் எண்ணிக்கொண்டே ஓட்டினார், தெரிந்தேதான் இருபத்தாறாவது சுற்றுக்குப் போனார் என்று சொன்னேன்.

ஒருவர் தொடையைத் தட்டினார். "அப்ப இருபத்தஞ்சுல மொதல்ல கோட்டத் தாண்டுனது நாலுதானே! நான் அன்னிக்கே சொன்னேன்!"

"எங்க சொன்ன? ஒம்போதுன்னுதான கத்துன?"

ரேஸ் மறுபடி தொடங்கிவிட்டது. உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதற்குத்தானா வந்தேன் என்று எழுந்தேன்.

தொப்பிக்காரர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கம்மா இருக்குது?"

"இல்லிங்க. மாசி மாசம் போய்ட்டாங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடைக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார், "எத்தினி டீ?"

எல்லாருக்கும் 'நாலாம் நம்பரு தங்கச்சி' என்ற அந்தப் பழைய வார்த்தை வாய்வரை வந்து நின்றது, எனக்குத் தெரிந்தது. அவர்களை ஒருமுறை பார்த்தேன். என்னையும் சேர்த்துக்கொண்டேன்.

"ஏழு," என்றேன்.

டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துவிடலாமா என்று நேற்று வெகுநேரம் யோசித்தேன். எடுக்கவில்லை. மெதுச் சுற்றுக்கு ஒன்று, ரேஸுக்கு இருபத்தைந்து. அத்தனையும் வைத்துக்கொண்டுதான் நீ கண் சிமிட்டாமல் கரைமேல் உட்கார்ந்திருந்தாய். இருபத்தாறும் இப்போது என்னிடம் இருக்கின்றன.

இன்று காலை குக்கர் வைத்தேன். மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைத்தேன். வாசலிலிருந்து அப்பா கேட்டார், "எத்தினி பாப்பா ஆச்சி?"

"நீயும்தான எண்ணிக்கினு இருந்த," என்றேன்.