கல்லுப்பட்டி என்று எழுதிய சீட்டு

சீசா மூடியைத் திருகியதும் பார்மலின் நெடி கண்ணில் ஏறியது. உள்ளே சுண்டுவிரல் பருமனில் நம் பாம்பு, கருப்பு வெளிறிப் பழுப்பாகிவிட்டது. வாலும் தலைபோலவே மொட்டை. நுனியில் மட்டும் அரம்போலச் சொரசொரப்பு. சீட்டில் உன் கையெழுத்து: டி. கல்லுப்பட்டி.

அந்த ஒரு வரிதான் என் ஆராய்ச்சியைக் கெடுத்தது. நீ பிடித்து வந்தாய், நான் செதில் எண்ணினேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத இனம் என்று நான் வாய்மொழித் தேர்வில் சொன்னபோது தேர்வாளர் சீட்டைப் படித்தார். மலைக்காட்டு ஈரமண்ணை விட்டு வராத இந்த வகைப் பாம்பு கல்லுப்பட்டிக் கரிசல் காட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அறையே சிரித்தது. கடைசி வரிசையில் நீயும் இருந்தாய். வாயைத் திறக்கவில்லை.

பிறகு கேண்டீனில், டீயை ஆற்றிக்கொண்டே, எழுமலைக்கு மேற்கே மலையில் எந்த ஓடை, எந்தப் பாறை என்று எனக்கு மட்டும் சொன்னாய்.

"இடத்த எழுதுனா, அதிர்ஷ்டம் தர்ற இருதலை மணியன்னு நெனச்சுத் தோண்டி அள்ளிட்டுப் போயிருவாய்ங்க மாப்ள. ஒனக்கு வேற பாம்பு கெடைக்கும்."

கிடைக்கவில்லை. சீட்டு பொய் என்று சொன்னால் நீ பிடித்துத் தந்த மற்ற சீசாக்களையும் சந்தேகிப்பார்கள். அந்த அத்தியாயத்தையே நீக்கினேன். உன்னோடு பேசுவதையும் விட்டேன். நீ செத்தபோது கேதத்துக்குக்கூட வரவில்லை. தல்லாகுளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒருவர் உன் பேச்சை எடுத்து, நல்ல மனுஷன் என்றார். வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன், அது என் ஊர் பஸ்கூட இல்லை.

இப்போது வெளியூர் ஆய்வாளர் ஒருவர் இதே பாம்பைத் தேடுகிறார், என் சீசாவைப் பற்றிக் கேள்விப்பட்டு அழைத்தார். இடம் தெரிந்தால் போதும், என் பெயரையும் சேர்த்துக் கட்டுரை வெளியிடலாம் என்றார். கட்டுரை வந்தால் ஓடையும் அச்சில் வரும். மூன்று நாளாக உட்கார முடியவில்லை. ஓடையின் பெயரைத் தாளில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன்.

இன்று காலை மறுபடி அழைத்தார். சீட்டில் கல்லுப்பட்டி என்றுதான் இருக்கிறது என்றேன்.

"சார், கரிசல்ல இது இருக்கவே முடியாதே. சீட்டு எழுதுனவரு தப்புப் பண்ணிருக்காரு."

"அவன் எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

போனை வைத்த பிறகும் உன்மேல் இருந்த கோபம் அடங்கவில்லை. அந்த ஓடை எங்கே என்று தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய்.