தங்கக் கலர் பூச்சு

ஜூலை 14, செவ்வாய்

லிப்டைத் தாங்கும் இரும்புப் பின்களை இன்று, துரு பிடிக்குமா என்று சோதிக்கும் உப்புப் புகைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மேலே தங்கக் கலரில் செராமிக் பூச்சு, முடியைவிட மெல்லிசு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் வழியாக உப்புத்தண்ணி இறங்கி, உள்ளிருக்கும் இரும்பு சிவப்புப் புள்ளிகளாகக் கசிந்திருந்தது. வாங்க வந்தவர் கேட்டில் நிற்கும்போதே மேனேஜர் அந்தப் புள்ளிகளை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டார்.

"இன்னா சார், தங்கம் துரு புடிக்குமா?" என்று அவரிடம் இளித்தார்.

வந்தவர் தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டைக்காரர். "எங்கப்பா தோண்டின கலரு" என்று தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவர் அப்பா தோண்டியது வெறும் கல்லு. தங்கத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்.

நானே எண்ணிக் கட்டிக் கொடுத்தேன். மேனேஜர் துணியை என் கையில் கொடுத்துத் தூக்கிப்போடச் சொன்னார். சோப்புப் போட்டும் நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. அந்தக் கையாலேயே சோறு பிசைந்தேன்.

அந்த லிப்டில் யார் ஏறுவார்களோ.