கோட்டைக் கதவின் சட்டம்

14 நவம்பர் 1992, சனி

என்னோடு தங்கியிருந்த நேசன் இன்று அறையைக் காலிசெய்துகொண்டு எட்மண்டன் நகரத்துக்குப் போய்விட்டான். அங்கே அவனுடைய மாமாவின் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறதாம்.

நான் எழுதிவரும் கற்பனை நாட்டுக் கதைக்கு இரண்டு வருடமாக இருந்த ஒரே வாசகன் அவன்தான். ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே "பிறகு?" என்று கேட்பான். அந்த நாட்டின் கோட்டைக் கதவுக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியே போகிறவர், போய்த் திரும்பி வருவேன் என்று பொருள்பட, "போட்டு வாறன்" என்று சொல்ல வேண்டும். "போறன்" என்று சொன்னவருக்குக் கதவு மறுபடி திறக்காது.

காலையில் இரண்டு கையிலும் பைகளோடு வாசலில் நின்று, "அப்ப நான் போறன், மச்சான்" என்றான்.

திருத்திச் சொல்வான் என்று காத்திருந்தேன். வெளியே வான்காரன் ஹாரன் அடித்தான். "கவனமடா" என்றேன். "ஓம், ஓம்" என்றபடி படியிறங்கிவிட்டான்.

அவசரத்தில் வாய் தவறியிருக்கும். சற்றுமுன் அந்தச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: வாய் தவறிச் சொன்னவருக்குக் கதவு ஒருமுறை திறக்கும். வாசித்துப் பார்த்தேன். வெட்டிவிட்டேன்.

நேசன் ஒத்துக்கொள்ள மாட்டான். அந்தச் சட்டமே அவன் சொல்லி எழுதியது. "விலக்கு வைச்சால் பிறகென்னடா சட்டம்?" என்று கேட்டவனும் அவன்தான்.