முதல் காட்சியில் என் பிணம்

மார்ச் 4, 2024
டீக்கடையில் ஓர் இளைஞன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் கலையரசன், படம் எடுப்பவனாம். கொலைக் கதை, கொலையாகிறவனுக்கு என் முகம்தான் பொருத்தமாம். கோபம்கூட வரவில்லை, ஒத்துக்கொண்டேன். மனைவி உண்ணாமலை போய்ச் சேர்ந்த பிறகு இந்த ஆட்டையாம்பட்டி வீட்டில் பேச ஆளில்லை. போய்ச் செத்துக் காட்டினால்தான் என்ன?
வேறு பேர் வைத்தால் கூப்பிட்டால் திரும்ப மாட்டேன் என்றேன். படத்திலும் நான் வேலுசாமிதான்.

மார்ச் 11
வாழப்பாடியில் படப்பிடிப்பு. முதல் நாளே பிணமாகப் படுக்க வைத்தார்கள். கதை என் சாவில் தொடங்கி, பின்னால் போய், முன்னால் வந்து, கடைசியில்தான் கொன்றவன் யாரென்று தெரியுமாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.
மூக்கில் பஞ்சு வைத்தபோது தம்பி சின்னராஜை நினைத்தேன். இதே ஊரில்தான் இருக்கிறான். கிணற்றைப் பாகம் பிரித்ததில் வந்த சண்டை. “உன்ற சாவுக்குக்கூட வரமாட்டேன்” என்று போனவன், ஆறு வருடமாகப் பேச்சில்லை. நிஜமாகவே வரமாட்டானா?

மார்ச் 14
நேற்று ஒரு காட்சிக்காக வாழப்பாடி சந்தை ரோட்டில் என் படமும் பேரும் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். கிழிக்க மறந்துவிட்டார்கள், புண்ணியவான்கள்.
இன்று காலையில் என் வீட்டு வாசலில் மொபெட் சத்தம். சின்னராஜ். கையில் ரோஜா மாலை, காலில் செருப்பில்லை. “அண்ணா!” என்று அலறிக்கொண்டே உள்ளே வந்தவன், நான் இட்லி தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். சினிமா போஸ்டர் அது என்றேன்.
“நடிப்புங்களா? பங்காளிக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிப்போட்டனே!”
மாலையை எறிந்துவிட்டுக் கிளம்பிவிட்டான். உக்காருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? வந்துட்டானே, அழுதுட்டே வந்தானே — தட்டோட நின்னேன், மடையன்.

மார்ச் 15
சாவுக்கு வந்த பங்காளிகளுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன். உயிரோடு இருப்பதற்கு ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவன் வரவில்லை.

ஜூன் 2
தம்பிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

நவம்பர் 30
படம் நேற்று வந்தது. சேலத்தில் பகல் காட்சிக்குத் தனியாகப் போனேன். தொடக்கத்திலேயே என் பிணம். முன்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பரவாயில்லை, நடிப்பு எடுபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.
இடைவேளையில் விளக்கு போட்டதும் பார்த்தால், துண்டால் முகத்தைத் துடைத்தபடி சின்னராஜ். அவனும் என்னைப் பார்த்துவிட்டான்.
இந்த முறை விடவில்லை. “இங்க வந்து உக்காருடா” என்றேன்.
வந்தான். “இன்னும் எத்தன வாட்டிதானுங்க என்னய அழ வெப்பீங்க?”
பின்பாதி முழுக்கத் திரையில் உயிரோடு நடமாடினேன். அதை எங்கே பார்த்தேன்? அவன் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது.
வெளியே வந்ததும் கேட்டான்: “கொன்னது ஆருன்னு வெளங்குச்சுங்களா?”
“இல்லடா.”
“எனக்குந்தான். நாளைக்கு இன்னொருக்காப் பாக்கலாம். ஊட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன், இருங்க.”