சத்தம் குறைந்த ஓடை

நவம்பர் 18, செவ்வாய்

இந்தக் கேரவன் முகாம் ஓடைக்குள் கிடக்கிறது. மண்ணடித்து, புல் பதித்து, ‘நீரோடைக் காட்சி’ என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு வாடகை கூடுதல். முதலாளிக்குத் தெரியும். மேனேஜர் அண்ணாச்சிக்குத் தெரியும். இன்று காலையிலிருந்து எனக்கும்.

விடியும்போதே மழை. குளியலறைக்குப் பின்னால் துணி காயப்போட இடம் தேடினேன். புல்லுக்குள் ஒரு சர்வே கல். நம்பரைப் படித்தேன். போன வருஷம் நானே ஒரு மனுவில் டைப் அடித்த ஓடை நம்பர்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு டிடிபி கடையில் இருக்கிறேன். என் வேலை மனு அடிப்பது. கீழே வயல் வைத்திருக்கும் செல்லையா மூன்று தடவை வந்தார், ஓடையை மூடிட்டாங்க என்று. கடைசித் தடவை ஒரு வரி சொன்னார். “எழுதும்மா. மழை விடாமப் பெய்யும்போது ஓடை வத்துச்சுன்னா மேல மரம் விழுந்து அடைச்சிருக்குன்னு அர்த்தம். உடைச்சுக்கிட்டு மொத்தமா வரும்.” நான் சொன்னேன், “மனுன்னா ஒரு பக்கத்துக்குள்ள முடியணும் ஐயா. இதெல்லாம் வேண்டாம்.” அந்த வரியை வெட்டியது நான்.

இங்கே ஏன் இருக்கிறோம்? தென்காசியில் நாலு வீடு பார்த்தோம். நாலிலும் முதல் கேள்வி, “நீங்க என்ன ஆளுக?” என் வீட்டுக்காரன் ஆன்டோ சர்ச், நான் கோயில், ஜாதியும் வேறே. பதில் கேட்டதும் நாலு வீட்டிலும் ஒரு சாக்கு, ‘மச்சான் வாரான்’, ‘மராமத்து இருக்கு’. அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பழைய வேனை வாங்கி ஆன்டோவே கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் பொருத்தினான். எங்கள் வீட்டுக்கு ஆறு சக்கரம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம், பகலில்.

மேனேஜரிடம் கேட்டேன், வண்டியை மேல் திட்டுக்கு மாற்றித் தாருங்கள் என்று.

“மேல சாமிமார் பஸ்ஸு வருது பிள்ள. ரெண்டு மாசத்துக்கு அங்கன வேற வண்டி நிக்கப்படாது.”

“இது ஓடை அண்ணாச்சி.”

“அருவில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுந்தாத்தான் பயம். அருவில குளிக்க விடுதாங்கல்லா, பெறவு என்ன?”

அருவி வேறு மலைச்சரிவு, இந்த ஓடை வேறு. சொன்னேன். பல் குத்திக்கொண்டே போய்விட்டார்.

வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, கேஸ் டியூப், தார்ப்பாய்க் கயிறு.

நவம்பர் 19, புதன்

காலை 7. மழை நிற்கவில்லை. கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆன்டோ எலுமிச்சை லோடு இறக்கிவிட்டுக் கொல்லத்திலிருந்து திரும்புகிறான். புளியறைக்கு முன்னால் ரோட்டில் மரம் விழுந்து லாரிகள் வரிசை. போனில் சிக்னல் விட்டு விட்டு.

“ஏட்டி கனி, வண்டில இருக்காத. மேல சாப்பாட்டு ஷெட்டுக்குப் போயிரு.”

“வண்டிய யாரு பாத்துக்கிடுவா?”

கட்டாகிவிட்டது.

10.30. கூரையில் ஒழுகல், இரண்டு இடம். ஒன்றுக்கு வாளி, ஒன்றுக்கு இட்லிப் பானை. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறம். வண்டிக்கும் அதற்கும் பத்தடி. சாவியைத் திருகினால் கிர் கிர் என்கிறது, பிடிக்கவில்லை. பின்சக்கரம் பாதி சேற்றில்.

பக்கத்தில் பெரிய வெள்ளை கேரவன். கோயம்புத்தூர் சார், ரிட்டயர்டு பேங்க். அந்த அம்மா வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து கொடுத்தார். சார் குடைக்குள் நின்று வீடியோ எடுக்கிறார்.

“ஏனுங்க அம்மணி, மழைக்குப் போயி இப்படிப் பயந்துக்கறீங்க? இதுக்குத்தானுங்க காசு குடுத்து வந்திருக்கோம்.”

அவர் காசு கொடுத்தது பார்ப்பதற்கு. எனக்கு இதுதான் வீடு. பஜ்ஜி நன்றாக இருந்தது.

12. மேலே சாமிமார் பஸ் வந்துவிட்டது. ஒரே பஸ். மீதி இடம் காலி. சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

2.10. ஓடையில் தண்ணீர் குறைகிறது. சத்தமும். மழை குறையவில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, “பாத்தியா, வத்திட்டு.” சார் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடைக் கல்லுக்கு இறங்குகிறார்.

மழை விடாமப் பெய்யும்போது ஓடை வத்துச்சுன்னா.

போகிறேன்.

சாயங்காலம் 6, சாப்பாட்டு ஷெட். வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

சாரைத் தோளைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் கோபம். அந்த அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏங்க, அந்தப் புள்ள சும்மா சொல்லாதுங்க, வண்டிய எடுங்க” என்றார். கேரவன் மேலே ஏறியது. சங்கிலி. மேனேஜர், “முதலாளி சொல்லாம அவுக்க முடியாது.” பஸ்ஸிலிருந்து குருசாமி இறங்கி வந்தார். நரைத்த தாடி, ஈரக் கருப்பு வேட்டி. “அவுருங்க சாமி. எங்க பஸ்ஸுக்கு இவ்வளவு இடம் எதுக்கு?” அதற்குப் பிறகுதான் சாவி வந்தது.

எங்கள் வண்டியைத் தள்ள எட்டு சாமிமார் வந்தார்கள். ஊரும் கேட்கவில்லை, ஆளும் கேட்கவில்லை. ஓரடி நகர்ந்தது. சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. இன்னொரு தள்ளு. அப்போது பச்சை மரம் முறிந்த வாசனை வந்தது. அதற்கப்புறம் சத்தம், லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி, நிற்காமல்.

குருசாமி கத்தினார். “விட்டுட்டு ஓடுங்க.”

ஓடினேன். தோள்பையில் இந்த நோட்டு, போன். கையில் சாம்பார் பொடி டப்பா. எப்போது எடுத்தேன், தெரியாது.

திரும்பிப் பார்த்தபோது நாற்காலி இருந்த இடம் இல்லை. கல்லே இல்லை. எங்கள் வண்டி மெதுவாகத் திரும்பியது, ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. இரண்டு தென்னைக்கு நடுவில் போய்ச் சாய்ந்தது.

அந்த அம்மா என் கையை விடவில்லை. மேனேஜர் போனில் யாரிடமோ, “ஒரு சேதமும் இல்ல மொதலாளி, ஒரு பழைய வேனுதான்.”

நவம்பர் 20, வியாழன்

தூறல். ஆன்டோ வந்துவிட்டான். லாரியை ரோட்டிலேயே விட்டுவிட்டு, செங்கோட்டை வரை பால் வேனில், மீதி நடை. என்னைக் கட்டிப் பிடித்தான். பிறகு வண்டிக்குள் ஏறினான். கட்டில் முழுக்கச் சேறு. ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே இருந்தான், அது சுத்தமான பிறகும்.

8 மணிக்கு ஜேசிபி. எங்கள் வண்டியை இழுக்க என்று நினைத்தேன். இல்லை. ஓடை அறுத்த இடத்தில் திரும்ப மண்ணடிக்கிறது. “சனிக்கிழமை புக்கிங் இருக்கு பிள்ள” என்கிறார் மேனேஜர்.

கீழே செல்லையா வயல் மணலாகிக் கிடக்கிறது. அவரும் இரண்டு பெண்களும் குனிந்து மணலை அள்ளுகிறார்கள். போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். “வந்தது கொப்பும் கிளையும்தாம்மா. மரத்தோட தடி இன்னும் மேல அடைச்சுக் கிடக்கு” என்றார்.

இந்த நோட்டில் தாள் கிழித்து மனு எழுதினேன். முதல் வரியே அவர் சொல்லி நான் வெட்டிய வரி. இரண்டாவது: மேலே அடைப்பு இருக்கிறதா என்று இன்றே ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

11 மணிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருத்தர் பார்வையிட வந்தார். குடை, கையில் வரைபடம். மேனேஜர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

“மேப்புல இங்கன ஓடையே காணலியேம்மா.”

“அப்ப நேத்து வந்தது என்ன சார்?”

“மழைத் தண்ணி.”

மனுவை நீட்டினேன். மேலோட்டமாகப் பார்த்தார். “விலாசம் எங்க?”

வண்டியைக் காட்டினேன்.

“கதவு நம்பர் வேணும்மா. விலாசம் இல்லாத மனுவ நான் எப்படி வாங்க?”

வண்டியின் பதிவு நம்பரை எழுதினேன். மேனேஜர் சிரித்தார். ஆபீஸ்காரர் சிரிக்கவில்லை, பேனாவை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தூறல் மழையானது. ஆன்டோ வண்டியிலிருந்து தலையை நீட்டி, “கனி, சத்தத்தக் கேளு” என்றான். ஜேசிபி நின்றிருந்தது. கேட்டேன். ஓடைச் சத்தம் பாதியாகியிருந்தது.

கீழே வயலில் மூன்று பேரும் குனிந்தபடியே இருந்தார்கள். ஆன்டோ குதித்து அவர்களைக் கூப்பிட ஓடினான். நான் தாளை அந்த ஆபீஸ்காரர் கையில் வைத்து அழுத்தினேன்.

“வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுங்க சார். நேரத்தையும் போடுங்க.”

குடையை விரித்தார்.

“நேரத்தையும் போடுங்க சார்.”