மேலாளர் கொடுத்த விளக்கம்

கயோவின் அப்பாவுக்கு,

தொமோயே எழுதுவது. ஹாகியில் மழை விட்டு வெயில் வந்துவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பிரான்சில், லியோனில் உங்கள் மாணவர்கள் ஒழுங்காக வருகிறார்களா? வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனிமேல் எழுதப்போவதைக் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு மசுயோ என்னைக் கடற்கரையில் புதிதாகத் திறந்த வெந்நீர் ஊற்று விடுதிக்கு இழுத்துப் போனாள். "வீட்டுக்குள்ளயே கெடந்து ஊறுகாயா போயிடாதடி" என்றாள். குளித்துவிட்டுக் கழிவறைக்குப் போனேன். நம் சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தண்ணீர்ச் சத்தம் போடும் பொத்தான் உண்டே, அதை அமுக்கினேன். தண்ணீருக்குப் பதில் ஷாகுஹாச்சி மூங்கில் குழல் கேட்டது.

கீழ்ச் சுரத்துக்கு இறங்குமுன் உங்கள் மூச்சு ஒரு கணம் தடுக்குமே, அது போதும் எனக்கு. கயோவின் காரியத்தன்று கோயிலில் நீங்கள் ஊதியதுதான். கூரையிலிருந்து மழை சொட்டுவதுகூட அதில் கேட்கிறது. பக்கத்து அறையில் யாரோ முக்கிக்கொண்டிருந்தாள். அதை மறைக்க உங்கள் மூச்சு!

மேலாளர் குபோதெராவிடம் போய் நின்றேன். குனிந்து குனிந்து வணங்கினார். "மூங்கில் சத்தம் இதமா இருக்குன்னு வர்றவங்க சொல்றாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இசாவோ மாஸ்டரேதான் அந்தப் பதிவைக் குடுத்தாரு. தாராளமா போட்டுக்குங்கன்னாரு" என்றார். எங்கே போடப்போகிறீர்கள் என்று அவரிடம் சொன்னீர்களா என்றேன். "மாஸ்டர் கேக்கலையே" என்றார்.

பிக்குகள் இதை ஊதியது யாரும் கேட்பதற்காக அல்ல, மூச்சுதான் அவர்களுக்கு ஜபம் என்று எனக்குச் சொன்னது நீங்கள். கல்யாணமான புதிதில் நீங்கள் ஊதி முடித்ததும் நான் கைதட்டிவிட்டேன் என்று நாளெல்லாம் முகம் கொடுக்காமல் இருந்தவரும் நீங்கள்தான்.

திரும்பிப் போய் அந்தப் பொத்தான் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். "விடுடி, போலீஸ் வந்துடும்" என்று கத்திய மசுயோ, விஷயத்தைச் சொன்னதும் அடுத்த அறையில் இருந்ததை அவளே பிடுங்கினாள். போலீஸ் வரவில்லை. மறுநாள் குபோதெரா இனிப்புப் பெட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதைக் கயோவின் படத்துக்கு முன் வைக்க மனம் வரவில்லை, குப்பையில் போட்டேன். பெண்கள் பக்கம் இப்போது குருவிச் சத்தமாம். மசுயோ தன் புருஷனை அனுப்பிப் பார்த்தாள். ஆண்கள் பக்கம் இன்னும் நீங்கள்தான்.

கயோவின் காரியத்தன்று நீங்கள் அழவில்லை. ஊதியதுதான் உங்கள் அழுகை என்று உறவுக்காரர்களிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பினேன். நீங்கள் லியோனுக்குப் போன பிறகும் அந்த நம்பிக்கையில்தான் இந்த வீட்டில் இருக்கிறேன். அது தப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

குபோதெராவுக்குப் போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் என்று அவர் கேட்பார். என்னைக் காரணமாகச் சொல்ல வேண்டாம். கயோவின் பெயரைச் சொல்லுங்கள். அவள் போனதிலிருந்து ஒருமுறைகூட அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொமோயே