ரெண்டு பொட்டலம் பூ

8 ஜூன் 2025, ஞாயிறு

பின்னால் இடது பக்க டயர் மறுபடியும் போயிடுச்சு. ஒட்டுப் போடுகிறவன் சிரிக்கிறான். சிரிடா, சிரி.

லிங்கசாமி போன் பண்ணினார். என்னை மாதிரி சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கெல்லாம் லோடு பிடித்துத் தருகிற ஆள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டுமாம். இனி ஒரு வருஷத்துக்கு ரெண்டில் ஒன்றுதான். பர்சன்ட் என்றால், பனியன் கம்பெனி தருகிற வாடகையில் நூற்றுக்கு எண்பது எனக்கு. வாடகை ஏறினால் எனக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். கிலோமீட்டர் என்றால் வாடகை எக்கேடு கெட்டாலும் ஓடின தூரத்துக்குக் காசு. மாசாமாசம் ஓட்டத்துக்கு அவர் பொறுப்பு. ஆனால் வண்டி நின்றால் ஒன்றும் கிடையாது. துறைமுகத்து வரிசையில் நாள் கணக்கில் கிடந்தாலும் சல்லிக்காசு வராது.

சோணைமுத்து கிலோமீட்டருக்குக் கையெழுத்தே போட்டுவிட்டான். "சக்கரம் உருண்டாத் துட்டு, பங்காளி. கம்பெனிக்காரன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எவன் உக்காந்திருப்பான்?" மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன், துணிஞ்ச கட்டை. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. வண்டிக் கடன் பாதிகூட அடையவில்லை. தப்பாகப் பிடித்தால் வண்டியே போய்விடும்.

பெண்டாட்டி ஜெயசுதாவைக் கேட்கலாமா? அவளுக்கு லாரியைப் பற்றி என்ன தெரியும்!

10 ஜூன், செவ்வாய்

குன்னத்தூர் போய்க் குலசாமி முருகனிடம் பூக் கேட்டாச்சு. வெள்ளைப் பூ வந்தால் பர்சன்ட், செவ்வரளி வந்தால் கிலோமீட்டர். ஜெயசுதாதான் வாழையிலையில் ரெண்டு பொட்டலம் கட்டினாள். பூசாரி சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு, அங்கே விளையாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். பிரித்தால் வெள்ளை.

இன்னொன்றையும் பார்ப்போமே என்று கை வைத்தேன். "வாக்கு வந்தப்புறம் அதைத் தொடக் கூடாதுங்க" என்று பிடுங்கிக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டுவிட்டாள். இவளுக்கு இத்தனை பக்தி எப்போது வந்தது?

மனசு லேசாயிடுச்சு. பர்சன்ட் என்று சொல்லிவிட்டேன்.

16 ஜூலை

சீசன் சூடு பிடித்துவிட்டது. தூத்துக்குடிக்கு விடாமல் லோடு, வாடகையும் ஏறிக் கிடக்கிறது. டீக்கடையில் சோணைமுத்துவைப் பார்த்தேன். "என்ன பங்காளி, சக்கரம் உருளுதா?" என்றேன். "உருளுது, உருளுது. ஆடிக் காத்துல எச்சில் எலையும் கோபுரம் ஏறும், குதிக்காத" என்றான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

28 ஆகஸ்ட்

நம்ம பனியனுக்கு அமெரிக்காக்காரன் போடுகிற வரி நூற்றுக்கு ஐம்பது ஆகிவிட்டது. ஸ்டாண்டில் தூத்துக்குடி லோடு ஒன்றுகூட ஏறவில்லை.

19 செப்டம்பர்

வாடகை பாதாளத்துக்குப் போய்விட்டது. அதில் நூற்றுக்கு எண்பது! டீசலும் டோலும் போனால் கையில் என்ன மிஞ்சும்? அந்த லோடும் எங்களுக்கு வருவதில்லை. கிலோமீட்டர்காரர்களுக்கு ஓட்டம் தருகிறேன் என்று லிங்கசாமி எழுதிக் கொடுத்திருப்பதால், டெல்லி, கல்கத்தா என்று இருக்கிற லோடெல்லாம் அவர்களுக்குத்தான். மிச்சம் மீதி எங்களுக்கு. என் வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. தவணை கட்டவில்லை.

சோணைமுத்து கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கின கையோடு மறுபடி ஏற்றுகிறான். மாற்று டிரைவர் வைக்கவில்லை, அந்தச் சம்பளமும் மிச்சமாம். கண் ரெண்டும் மிளகாய்ப்பழம். "தூங்குடா" என்றேன். "நின்னாக் காசில்ல பங்காளி. தூக்கத்துக்கு எவன் தர்றான்?" என்றான்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். எழுதினால் என்ன, இருந்தது.

14 அக்டோபர், செவ்வாய்

 எழுதிவிட்டால் ஆத்திரம் அடங்குமா?

காலையில் பைனான்ஸ்காரன் ரெண்டு ஆளோடு வந்து வாசலில் நின்று கத்தினான். தீபாவளி முடியட்டும், வண்டியை ஓட்டிட்டுப் போயிருவேன் என்று போனான். சந்தே வேடிக்கை பார்த்தது. உள்ளே வந்து முருகன் படத்தைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். நீயெல்லாம் ஒரு சாமியா, உன் வாக்கைக் கேட்டுத்தானே நடுத்தெருவுக்கு வந்தேன் என்று படத்தைக் கழற்றப் போனேன்.

ஜெயசுதா கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமியை வையாதீங்க. சாமி ஒண்ணுமே சொல்லலீங்க. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதானுங்க வெச்சேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. ரெண்டிலும் வெள்ளையா? அப்போ அந்தக் கிணறு—

"ஏன்டி?"

"சோத்துத் தட்டு முன்னாலயே கண்ணு சொருகறவரு நீங்க. கிலோமீட்டருன்னா நிக்க மாட்டீங்க. பர்சன்டுன்னா லோடு வர்ற வரைக்குமாச்சும் தூங்குவீங்கன்னு... வரி வருமுன்னு நான் கண்டனுங்களா?"

கை ஓங்கிட்டேன். அடிக்கலை. ஓங்குனதே போதும், அவ மூஞ்சி அப்படி ஆயிடுச்சு. சாமி பேரைச் சொல்லி ஏமாத்திட்டாளே! சோணைமுத்து வண்டி ஓடுது, என் வண்டி மரத்தடியில நிக்குது. இவளாலதானே?

இனி இவளோட பேச்சில்லை.

20 அக்டோபர்

தீபாவளி. பேசவில்லை.

8 நவம்பர், சனி

மெட்ராசுக்கு ஒரு லோடு கிடைத்தது. இறக்கிவிட்டுத் திரும்புகிற லோடுக்காகக் காத்திருந்தபோது சின்னத்தாய் போனில் அலறினாள். சோணைமுத்து பெண்டாட்டி. நெல்லூர் தாண்டி, நின்றிருந்த லாரியில் பின்னாலேயே போய் மோதிவிட்டானாம். விடிகாலை. பிரேக் போட்ட தடமே ரோட்டில் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னாராம்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் சின்னத்தாயின் தம்பி காரில் வருவதற்காக நின்றுகொண்டிருந்தேன். லிங்கசாமி போன். நல்ல மனுசன், அழக்கூடச் செய்தார். அப்புறம் சொன்னார்: "அருளு, சரக்கு ரோட்டுல கெடக்குதுங்க. உங்க வண்டி அங்கதானே இருக்குது? மாத்தி ஏத்திக் கல்கத்தாவுல எறக்கிருங்க. கிலோமீட்டர் ரேட்டே போட்டுத் தர்றேன். இனி அந்த எடம் காலிதானுங்களே."

 தவணை ஞாபகம் வந்தது. பைனான்ஸ்காரன் மூஞ்சி வந்தது.

சரிங்க என்றேன்.

9 நவம்பர்

ஊரில் இன்று அவனை எடுக்கிறார்கள். நான் இங்கே அவன் லோடை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். த்தூ. என்ன பிழைப்பு இது.

10 நவம்பர்

ஸ்ரீகாகுளம் பக்கம். பட்டப்பகல், நல்ல வெயில். எதிரே வந்த பஸ் அடித்த ஹாரனில்தான் முழித்தேன். வண்டி வலது பக்கம் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக? தெரியாது. கண் மூடியது எனக்குத் தெரியவே இல்லை. அவனுக்கும் இப்படித்தான் தெரியாமல் இருந்திருக்கும்.

ஓரம் கட்டினேன்.  ஜெயசுதாவுக்குப் போன் போட்டேன்.   "ரெண்டும் வெள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். அழுதாள். "நிறுத்தித் தூங்குங்க" என்றாள். பொழுது சாயும் வரை தூங்கினேன்.

14 நவம்பர்

சரக்கு லேட் என்று பிடித்தம் போட்டுவிட்டார்கள். பெட்டிகளில் ஒன்றில் கறை இருந்தது. அதற்கும் பிடித்தம். எதன் கறை என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

20 ஜனவரி 2026, செவ்வாய்

கல்கத்தாக் காசைக் கொடுத்துப் பைனான்ஸ்காரனை இதுவரை நிறுத்தி வைத்தேன். பர்சன்டில் நின்றால் கடன் அடையாது. கிலோமீட்டரில் ஓட எனக்குத் தெம்பில்லை. நாமக்கல்லிலிருந்து ஒருத்தர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து விலை சொல்லிவிட்டுப் போனார். கடன் போகக் கையில் ஒன்றும் நிற்காது.

ஜெயசுதா சொன்னாள்: "கோயிலுக்குப் போயி ஒரு வாக்குக் கேட்டுறலாமுங்க. இந்தத் தடவ நான் பூவைத் தொடலை. பூசாரியே கட்டட்டும்."

"பூ வேண்டாம். நீ சொல்லு. வைக்கறதா, விக்கறதா?"

நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று மூஞ்சியைப் பார்த்தாள். "வித்துருங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பனுங்க" என்றாள்.

சாமியைக் கேட்டேன். இவளைக் கேட்கவில்லை. அதுதான் நடந்தது.

2 பிப்ரவரி, திங்கள்

லாரியை விற்றாச்சு. இப்போது பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியின் ஆள் ஏற்றுகிற பஸ்ஸுக்கு டிரைவர். மாசச் சம்பளம். ஓடினாலும் அதுதான், நின்றாலும் அதுதான்.

முதல் நாள் இன்று. மூணாவது ஸ்டாப்பில் டிபன் பாக்ஸும் கையுமாகச் சின்னத்தாய் ஏறினாள். அங்கேதான் பீஸ் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம். எனக்குத் தெரியாது. அவனை எடுத்தபோதுகூட நிற்காதவன், அவன் லோடை ஏற்றிக்கொண்டு போனவன். எந்த மூஞ்சியோடு அவளைப் பார்ப்பது? முன் கண்ணாடி வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போகாமல் எனக்குப் பின்னாலிருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் முன் கேட்டாள்.

"நல்லாத் தூங்குனீங்களாண்ணே?"

"தூங்குனேன் தாயி" என்றேன். கியரைப் போட்டு மெதுவாக எடுத்தேன்.